500 எம்எம்-ல் பருந்து மொழுக்குனு வருது: லென்ஸ் போச்சா, கை ஆடுதா?

கல்மண்டபம் கேமரா:

அண்ணன்மாரே, வணக்கம். பாடி நிக்கான் டி7500, லென்ஸ் நிக்கான் 200-500 எம்எம் ஜூம், எஃப்5.6. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துல ஏலம் நடக்குற நேரத்துல செம்பருந்து, கரும்பருந்து எடுக்குறேன். எண்ணூர் முகத்துவாரத்துல ஆலா, நெடுங்கால் உள்ளான். 200-ல எடுத்தா இறகு ஒவ்வொண்ணா எண்ணலாம். 500-க்கு முறுக்கினா அதே பறவை மேல விளக்கெண்ணெய் தடவின மாதிரி ஆயிடுது. கண்ணு வெறும் கறுப்புப் புள்ளியா நிக்குது, உள்ள வெளிச்சப்பொட்டே தெரியல.

செட்டிங் இதுதான்: மேனுவல் மோடு, ஷட்டர் 1/800 வினாடி, லென்ஸ் திறப்பு எஃப்5.6, ஐஎஸ்ஓ (சென்சாரோட ஒளியுணர்வு) ஆட்டோ. வெயில் ஏறினா ஐஎஸ்ஓ 100-ல நிக்கும், விடிகாலையில 800 வரைக்கும் போகும். ஏஎஃப்-சி (நகர்ற பறவையைத் தொடர்ந்து ஃபோகஸ் பண்ற மோடு), 51 பாயின்ட் டைனமிக் (ஒரு புள்ளி தவறினா சுத்தி இருக்குறது புடிச்சுக்கும்). ஃபோகஸை ஷட்டர் பட்டன்ல இல்லாம கேமரா முதுகுல இருக்குற பின்பட்டன்ல வச்சிருக்கேன். வி.ஆர். (கை ஆட்டத்தைக் குறைக்கிற வசதி) நார்மல். கடல் காத்துக்குப் பயந்து முன்னாடி ஒரு 95 எம்எம் யுவி ஃபில்டர். காலை 7-லேர்ந்து 10:30 வரைக்கும், பெரும்பாலும் கையிலதான்.

லென்ஸை வித்துட்டு பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) வாங்குன்னு ஒருத்தர் சொல்றார். அது சரியா, இல்ல நான் எதையாவது கோட்டை விடுறேனா?

முகத்துவாரம்:

விற்கிற யோசனையை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். "ஷார்ப்பா இல்லை" என்ற ஒரே புகாருக்குள் நான்கு வேறு வேறு கோளாறுகள் இருக்கும். ஒவ்வொன்றும் படத்தில் தனி அடையாளம் விட்டுத்தான் போகும்.

கம்ப்யூட்டரில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். பறவையை விட்டுவிட்டு எங்காவது ஒரு பளிச்சென்ற புள்ளியைத் தேடுங்கள். தண்ணீரில் மின்னும் வெயில், படகின் ஆணித்தலை, எதுவானாலும் சரி. அந்தப் புள்ளி கோடாக இழுபட்டிருந்தால் அது அசைவு. படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. படகு சுத்தமாக இருந்து பறவை மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் போதவில்லை. பறவை மொழுக்கென்று இருக்க, முன்னால் போகும் கயிறோ பின்னால் நிற்கும் கொடிக்கம்பமோ கூர்மையாக விழுந்திருந்தால் ஃபோகஸ் தப்பிவிட்டது. எல்லாமே ஓரளவு கூர்மையாக இருந்தும் வெளிச்சமான இடங்களைச் சுற்றிப் பால் ஊற்றியது போல் இருந்தால் ஃபில்டர் அல்லது உப்புப் படலம்.

நான்காவதை நம் பக்கத்து ஆட்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை: காற்று. படத்தில் எதுவுமே கூர்மையாக இருக்காது. கோடுகள் நெளியும். ஒரே பர்ஸ்ட்டில் அடுத்தடுத்த படங்களில் அந்த நெளிவு வேறு வேறாக இருக்கும். தோசைக்கல்லுக்கு மேலாக எதிர்ச்சுவரைப் பார்த்தால் ஆடுமே, அதே சங்கதி. ஜெட்டியின் கான்கிரீட், படகுத் தளம், முகத்துவாரத்து மணல்திட்டு எல்லாம் வெயில் பட்டதும் மேலே இருக்கும் காற்றைச் சூடாக்குகின்றன. சூடும் குளிர்ச்சியும் கலந்த காற்று ஒளியைக் கண்டபடி வளைக்கும், 500 எம்எம் அந்த வளைவையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டும். இதற்கு 1/4000 வைத்தாலும் பயனில்லை, வி.ஆர். உதவாது, பல லட்ச ரூபாய் பிரைமும் இதையேதான் படம் பிடிக்கும்.

நீங்கள் 10:30 வரை எடுப்பதாகச் சொன்னதும் என் சந்தேகம் முதலில் இதன் மேல்தான் விழுந்தது. தூரத்தைக் குறைப்பதும் நேரத்தை முன்னே தள்ளுவதும்தான் வழி. ஒரே மணி நேரத்தில் 20 மீட்டரில் இருக்கும் பறவை தேறும், 100 மீட்டரில் இருப்பது தேறாது. தலைக்கு மேல் பறப்பது தப்பிக்கும், மணல்திட்டில் தரையோடு தரையாக நிற்கும் உள்ளான் மாட்டிக்கொள்ளும். மார்கழியில் தண்ணீர் வெதுவெதுப்பாகவும் காற்று குளிராகவும் இருந்தால் விடிகாலையிலேயே தண்ணீருக்கு மேல் நெளிவு வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் மேல் பழி இருக்கிறதா என்பதை மொட்டை மாடியிலேயே தீர்த்துவிடலாம். காலை 6:15 வாக்கில், தளம் சூடாகும் முன். சிமென்ட் மூட்டைச் சாக்கில் பொடி எழுத்து இருக்கும் பக்கத்தை 15 மீட்டர் தள்ளிச் சுவரில் தட்டையாக ஒட்டுங்கள். லென்ஸுக்கு அடியில் இருக்கும் காலை ட்ரைபாடில் பூட்டிக் கேமராவை ஏற்றுங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். வி.ஆர். ஆஃப், 500, எஃப்5.6, ஐந்து வினாடி டைமர். ஷட்டரை 1/250-க்குக் குறையாமல் வையுங்கள், ஐஎஸ்ஓ எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை. 1/15-லிருந்து 1/60 வரை கண்ணாடி எழும்பும் அதிர்வே படத்தைக் கெடுக்கும்.

முதலில் லைவ் வியூவில், அதாவது பின்திரையில் பார்த்து, ஃபோகஸ் செய்து பத்துப் படம். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக் கலைத்துவிடுங்கள். அடுத்து கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துப் பத்து. பிறகு ஃபில்டரைக் கழற்றி அதே இருபது. கடைசியாக, ட்ரைபாடை நகர்த்தாமல் 10:30-க்கு இன்னொரு பத்து.

லைவ் வியூ கூர்மையாக இருந்து வியூஃபைண்டர் படம் மங்கினால், லென்ஸில் குறை இல்லை, ஃபோகஸ் ஒத்திசைவுதான் தப்பு. அதை கேமரா மெனுவிலேயே சரி செய்யலாம். லைவ் வியூவிலும் காலையில் மங்கல்தான், படத்தின் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் மோசம் என்றால் சர்வீஸுக்கு எடுத்துப் போங்கள். காலையில் பத்தும் நன்றாக வந்து 10:30-க்குப் பத்தும் பத்து விதமாக வந்தால் யார் மேலும் குற்றமில்லை.

பழைய வண்ணை:

காத்து விஷயம் மேல சொன்னது சரி. ஆனா தம்பி, உன் செட்டிங்லயும் ஓட்டை இருக்கு.

சின்ன சென்சார்ங்கறதால 500 எம்எம் இந்த பாடியில 750 மாதிரி. அதனால 1/750, 1/800-ங்கறது கை ஆட்டத்துக்குச் சொன்ன கணக்கு. உக்காந்திருக்குற கொக்குக்குப் போதும், பறக்குறதுக்குப் பத்தாது. கணக்கு போட்டுப் பாரு. 50 மீட்டர் தூரத்துல 500-ல உன் ஃப்ரேமோட அகலம் சுமார் 2.35 மீட்டர். அதுக்குள்ள 5568 பிக்சல், அப்ப ஒரு பிக்சல் 0.42 மில்லிமீட்டர். பருந்து வினாடிக்கு 10 மீட்டர் வேகத்துல குறுக்க போகுதுன்னு வையி. 1/800-ல அது 12.5 மில்லிமீட்டர் நகரும், அதாவது 30 பிக்சல். நீ கூடவே பான் பண்ணுவே (கேமராவைப் பறவையோட திருப்புவே), சரி, ஆனா பத்துல ஒரு பங்கு பிசகினாலே 3 பிக்சல் இழுத்துடும். 1/3200-ல அதே பிசகு ஒரு பிக்சலுக்குள்ள அடங்கிடும். சிறகு நுனி உடம்பை விட வேகமா அடிக்கும், அதுக்கு 1/3200 கூட சில நேரம் பத்தாது. அது மங்கினாலும் தப்பில்ல, கண்ணு பளிச்சுனு இருந்தா படம் நிக்கும்.

வெயில்ல ஐஎஸ்ஓ 100-ல நிக்குதுன்னு நீயே சொல்றே. ரெண்டு ஸ்டாப்பை (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) சும்மா வாசல்ல விட்டுட்டு வர்றே. நல்ல வெயில்ல எஃப்5.6, ஐஎஸ்ஓ 400-க்கு 1/3200 தாராளமா வரும். விடிஞ்ச கையோட வெளிச்சம் அதை விட மூணு ஸ்டாப் கம்மின்னா ஐஎஸ்ஓ 1600-ல 1/1600. ஆட்டோ ஐஎஸ்ஓ உச்சத்தை 3200-ல வை. குருணையை (ஐஎஸ்ஓ ஏறினா வர்ற புள்ளிப்புள்ளி நாய்ஸ்) அப்புறம் சாஃப்ட்வேர்ல குறைச்சுக்கலாம், இழுபட்ட கண்ணைத் திருப்பி வாங்க முடியாது.

அடுத்தது பின்பட்டன். நிக்கான் டிஎஸ்எல்ஆர்ல ஃபோகஸ் பின்பட்டனை அழுத்தினா வி.ஆர். முழிச்சுக்காது, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினாத்தான் வேலை செய்யும். நீ பெருவிரல்ல ஃபோகஸ் புடிச்சுட்டு ஷட்டரை ஒரே அமுக்கா அமுக்கினா, வி.ஆர். எழுந்து நிதானிக்கிறதுக்குள்ள படம் விழுந்துடும். பெருவிரல் பின்னாடி, ஆட்காட்டி விரல் முன்னாடி பாதி அழுத்தம், வியூஃபைண்டர்ல படம் நிலைச்சதைப் பாத்துட்டு முழுசா அமுக்கு. பான் பண்றப்போ நார்மலை விட்டு ஸ்போர்ட்டுக்கு மாத்து, வியூஃபைண்டர்ல படம் அவ்வளவு துள்ளாது.

51 பாயின்ட் டைனமிக்கைக் காசிமேட்டுல வைக்காதே. அங்க கொடி, கயிறு, கம்பம், வலைன்னு ஆயிரம் குறுக்க வரும். வானம் பின்னணின்னா குரூப் ஏரியா (பக்கத்துப் புள்ளிங்க ஒரு கூட்டமா வேலை செய்யும்). படகோ தண்ணியோ பின்னணின்னா 9 பாயின்ட் டைனமிக், அதுவும் நடுவுல. இந்த பாடியில நடுவுல இருக்குற 15 பாயின்ட்தான் கிராஸ் டைப், ஓரத்துல இருக்குறதை விட நம்பலாம். ஃபோகஸ் ட்ராக்கிங் லாக்-ஆன்-ஐ 4-ல வை, கம்பம் ஒண்ணு குறுக்க வந்தா உடனே அதுக்குத் தாவாது. லென்ஸ்ல இருக்குற லிமிட் ஸ்விட்சை 6 மீட்டர்-இன்ஃபினிட்டி பக்கம் தள்ளு. ஜூமை மாத்தினா ஃபோகஸை மறுபடியும் புடி, முன்னாடி புடிச்சது அப்படியே நிக்கும்னு நம்பாதே.

கையில புடிக்கிறது: காலோட சேத்து 2.3 கிலோ லென்ஸ். இடது உள்ளங்கை பாரம் சமமாகுற இடத்துல கீழ இருக்கணும், முழங்கை விலாவோட ஒட்டணும், கண்குழியை வியூஃபைண்டர் ரப்பர்ல நல்லா அழுத்து. பத்து நிமிஷம் தூக்கியே நின்னா கை நடுங்கும், பருந்து வராத நேரத்துல இறக்கி வை.

நிக்குற இடத்தையும் சொல்லிடுறேன். காலையில சூரியன் கடல் பக்கம். ஏலக்கூடத்துலேர்ந்து கடலைப் பாத்து எடுத்தா பருந்து கறுப்பு அட்டை. கடல் முதுகுக்குப் பின்னாடி இருக்குற மாதிரி நின்னா கண்ணுல வெளிச்சம் விழும். பறவை இறங்குறதும் ஏறுறதும் காத்தை எதிர்த்துத்தான். மார்கழி, தையில வாடைக்காத்து அடிக்கிறப்போ வடகிழக்கைப் பாத்துத் திரும்பும், அப்ப முகத்துலயே வெயில். அந்த ரெண்டு மாசத்தை விடாதே. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், மீன் வரத்து குறையும், பருந்தும் சிதறிடும். மாடியில டெஸ்ட் பண்றதுக்கு அந்த 61 நாள் தோதானது.

மணலி மைனா:

ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு.

செம்பருந்தோட தலையும் நெஞ்சும் வெள்ளை. கேமரா மீட்டர் அந்தச் செங்கல் நிற உடம்பையும் பின்னணியையும் பாத்து எக்ஸ்போஷர் போட்டா, தலை வெந்துபோயிடும். வெந்த வெள்ளையில இறகுக் கோடே இருக்காது. நாம அதை ஃபோகஸ் தப்புன்னு நினைச்சு மண்டையை உடைச்சுக்குவோம். ப்ரோ, மேனுவலும் ஆட்டோ ஐஎஸ்ஓவும் சேத்து வச்சாலும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (மீட்டர் போட்ட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது) வேலை செய்யும். செம்பருந்துக்கு -0.7. வெளுத்த வானத்துல கரும்பருந்துன்னா +1. ஹைலைட் மினுக்குற டிஸ்ப்ளேயை ஆன் பண்ணி முதல் ரெண்டு படத்துலயே பாத்துக்கோ.

இன்னொண்ணு, ஜேபெக்ல மட்டும் எடுத்தா ஐஎஸ்ஓ ஏற ஏற கேமராவே குருணையைத் துடைக்கிறேன்னு இறகையும் சேத்துத் துடைச்சுடும். விளக்கெண்ணெய்னு சொன்னியே, அதுல பாதி இதுவா இருக்கலாம். ரா-ல (கேமரா துடைக்காத மூலக் கோப்பு) எடு, இல்லேன்னா ஹை ஐஎஸ்ஓ நாய்ஸ் ரிடக்‌ஷனை லோ-ல வை.

எஃப்8-க்குப் போனா பிரமாதமா வரும்னு எவனாவது சொல்லுவான். கொஞ்சம் கூடும், இல்லேன்னு சொல்லல. ஆனா ஒரு ஸ்டாப் போயிடும், பறக்குற பறவைக்கு அந்த ஸ்டாப் ஷட்டருக்குத்தான் வேணும். உக்காந்த பறவை கிட்டத்துல இருந்தா மட்டும் எஃப்8. 10 மீட்டர்ல 500, எஃப்5.6-க்கு ஃபோகஸ் ஆழம் (முன்னும் பின்னுமா கூர்மையா விழுற தூரம்) மொத்தமே 9 சென்டிமீட்டர் சுமாருக்கு, எஃப்8-ல 13. அலகும் கண்ணும் சேந்து வரணும்னா அந்த 4 சென்டிமீட்டர் உதவும். 40 மீட்டர்ல எஃப்5.6-க்கே ஒண்ணரை மீட்டர் கிட்ட ஆழம் இருக்கு, அங்க எதுக்கு எஃப்8?

ஃபில்டரைக் கழட்டு. 95 எம்எம் அகலத்துக்கு மட்டமான கண்ணாடி துல்லியமா தட்டையா இருக்காது. 200-ல தெரியாத வளைவு 500-ல தெரியும். ஹூட் மாட்டினாலே பாதிப் பாதுகாப்பு.

கல்மண்டபம் கேமரா:

மூணு பேருக்கும் நன்றி. மாடி டெஸ்ட் ரிசல்ட்: காலை 6:15, லைவ் வியூ, ஃபில்டர் இல்லாம, பத்துக்குப் பத்தும் சாக்குல "53" பக்கத்துல இருக்குற பொடி எழுத்து வரைக்கும் தெளிவு. ஃபில்டரோட அதே எழுத்து ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மெலிசா ஒரு நிழல் எழுத்து. வியூஃபைண்டர்ல ஃபில்டர் இல்லாம, பத்துல ஏழு லேசா மங்கல், சாக்கு ஒட்டின சுவருக்குப் பின்னாடி தெரியுற இன்னொரு சுவத்தோட விரிசல் அதை விடக் கூர்மை. 10:30-க்கு எடுத்த பத்தும் முகத்துவாரம் அண்ணன் சொன்ன மாதிரி பத்து விதம், ஒண்ணுல "3" எட்டு மாதிரி வளைஞ்சு நிக்குது.

வியூஃபைண்டர் குறையை எப்படிச் சரி பண்றது? அடுத்த மாசம் பழவேற்காட்டுல படகுல பூநாரை எடுக்கப் போறேன். படகுல ட்ரைபாட் எடுத்துட்டுப் போலாமா?

முகத்துவாரம்:

பின்னால் இருப்பது கூர்மையாக விழுகிறது என்றால் ஃபோகஸ் பின்தள்ளி நிற்கிறது. செட்டப் மெனுவில் ஏஎஃப் ஃபைன்-ட்யூன் இருக்கிறது, -20 முதல் +20 வரை. ஃபோகஸை உங்கள் பக்கம் இழுக்க மைனஸ். -3, -6, -9 என்று மூன்று இடத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஃபோகஸைக் கலைத்துக் கலைத்து ஐந்து படம் எடுங்கள். ஒரே ஒரு நல்ல படத்தை நம்பாதீர்கள், ஐந்தில் எத்தனை தேறியது என்று பாருங்கள். நன்றாக வந்த எண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக நகர்த்தி முடிவு செய்யுங்கள். ஜூம் முழுவதுக்கும் ஒரே எண்தான் பதிவாகும், அதனால் 500-ல் சரி செய்யுங்கள். 200-ல் ஃபோகஸ் ஆழம் அதிகம், சின்னப் பிசகு தெரியாது. 15 மீட்டரில் செய்ததை 25 மீட்டரிலும் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

படகில் ட்ரைபாட் வேண்டாம். படகின் ஒவ்வொரு ஆட்டமும் கால் வழியாக நேராக லென்ஸுக்கு ஏறும். லென்ஸைப் படகின் விளிம்பில் சாய்ப்பதும் அதே தப்பு. இன்ஜின் அதிர்வு பொடிப்பொடியாக வேகமாக வரும், வி.ஆர். கை ஆட்டத்துக்காகச் செய்தது, அதைச் சமாளிக்காது. இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். படகு நிதானமாகும் வரை ஒரு நிமிடம் பொறுங்கள். பலகையில் உட்கார்ந்து, எங்கும் சாயாமல், இடுப்பு மட்டும் படகோடு அசைய விடுங்கள். பூநாரை அசையாமல் நின்றாலும் 1/2000-க்குக் குறைக்காதீர்கள், ஆடுவது நீங்கள். ஏஎஃப்-சி-யிலேயே இருங்கள். நான்கு, ஐந்தாகப் பர்ஸ்ட் அடியுங்கள். விரல் அழுத்தும் உதறல் முதல் படத்தில் விழும், நடுவில் இருப்பவை தேறும்.

கூட்டத்தை நெருங்கிப் போகச் சொல்லிப் படகோட்டியை அவசரப்படுத்தாதீர்கள், மேய்கிற பறவை எழுந்துவிடும். 200 மீட்டரில் 500-ல் ஃப்ரேமின் உயரம் சுமார் 6.3 மீட்டர். பூநாரை அதில் ஐந்தில் ஒரு பங்குதான், 700, 750 பிக்சல். ஒற்றைப் பறவையின் இறகைத் தேடினால் ஏமாற்றம்தான். அந்தத் தூரத்துக்குக் கூட்டமாக எடுங்கள். ஏரியில் வெயில் ஏறியதும் நெளிவு தொடங்கிவிடும், முதல் படகிலேயே போங்கள்.

பழைய வண்ணை:

ஃபில்டரைக் கழட்டச் சொல்லியாச்சு, அப்ப முன்கண்ணாடியை எப்படித் தொடைக்கிறதுன்னும் சொல்லணும். கடல்காத்துல ரெண்டு மணி நேரம் நின்னாலே உப்பு படியும். டார்ச்சைச் சாய்வா அடிச்சுப் பாத்தா மெலிசா வெள்ளைத் திட்டு தெரியும். துணியை வெறுமனே போட்டுத் தேய்க்காதே, உப்புக்கல்லு கோட்டிங்கைக் கீறிடும். முதல்ல ப்ளோயர். அப்புறம் மைக்ரோஃபைபர் துணியோட ஓரத்துல டிஸ்டில்டு வாட்டர் ரெண்டு சொட்டு, நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா அழுத்தாம. உப்பு தண்ணியிலதான் கரையும், லென்ஸ் லோஷன் அதை இழுத்துப் பூசத்தான் செய்யும். அப்புறம் காஞ்ச துணி. விரல் ரேகை இருந்தா மட்டும் லோஷன், அதுவும் துணியில போடு, கண்ணாடி மேல நேரா அடிச்சா விளிம்பு வழியா உள்ள இறங்கும்.

இந்த லென்ஸ் ஜூம் பண்றப்போ குழாய் வெளிய நீளும். 500-ல நீட்டி வச்சே அந்தக் குழாயை ஈரத்துணியால தொடைச்சு, காஞ்சப்புறம் 200-க்கு மடக்கு. தொடைக்காம மடக்கினா உப்பையும் மணலையும் நீயே உள்ள இழுத்து அனுப்புறே.

ஏசி ரூம்லேர்ந்து எடுத்ததும் பையைத் திறக்காதே. வெளிய வச்சு அரை மணி நேரம் மூடியே விடு, இல்லேன்னா கண்ணாடி வேர்த்துடும். வீட்டுல மூடி இறுக்கமா இருக்குற டப்பா, உள்ள ஒரு ஈரப்பத மீட்டர், சிலிக்கா ஜெல். 40-லேர்ந்து 50 சதவீதத்துல நிக்கணும், 60-ஐத் தாண்ட விட்டா நம்ம ஊர்ல பூஞ்சை சும்மா விடாது. ஜெல் நிறம் மாறினா மாத்து. ஹூட்டைத் தனியா கழுவி, நல்லா காய வச்சப்புறம்தான் டப்பாவுக்குள்ள.